ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுத்த ரத்தம் வேறு எங்கே போகும்?

கேள்வி இது: தங்கை தேசிய அளவில் ஓடுகிறார். ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி கொடுத்தபோது, படிவத்தின் கடைசியில் ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று கேட்டு ஒரு கட்டம் இருந்ததாம். "பெயரை எடுத்துவிடுவார்கள், நெறிமுறைக் குழு பார்த்துக்கொள்ளும், டிக் போடு" என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் கவலைப்பட என்ன இருக்கிறது?

முதலில் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாதிரி கொடுக்க மறுப்பது விதிமீறல், அதற்கு வருடக்கணக்கில் தடை வரும். ஆய்வுக்குச் சம்மதம் தர மறுத்தால் ஒன்றும் ஆகாது, அது முழுக்க வீரரின் விருப்பம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் விதித்தொகுப்பில் 6.3 என்ற பிரிவு இதைச் சொல்கிறது: எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எந்த மாதிரியையும் ஆய்வுக்கு எடுக்கக் கூடாது, எடுத்தால் அது யாருடையது என்று திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்த பிறகே எடுக்க வேண்டும். சோதனையெல்லாம் முடிந்து கீழே ஊற்றப் போகிற சிறுநீரை, புதிய ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கும் முறையைச் சரிபார்க்க ஓர் ஆய்வகம் பயன்படுத்துகிறது. அவ்வளவுதான். என்னைக் கேட்டால் டிக் போடலாம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதே பிரிவை இன்னொரு முறை படியுங்கள். எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும் என்பது மாதிரிக்கு, அதாவது குப்பியில் இருக்கும் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும். அதிலிருந்து எடுத்த எண்களுக்கு, ஹார்மோன் அளவு, ரத்த அணுக்களின் கணக்கு போன்றவற்றுக்கு, அடையாளத்தை நீக்கினால் போதும். அதோடு ஒரு விளக்கக் குறிப்பும் இருக்கிறது. தர உறுதி, முறைகளை மேம்படுத்துதல், ஒப்பீட்டுக்கான பொது அளவுகளை நிர்ணயித்தல் ஆகியவை ஆய்வு என்ற கணக்கிலேயே வராது என்கிறது அது. இது விளையாட்டுக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை, மருத்துவமனைகளிலும் உண்டு. ஆனால் "உலகத் தரத்தில் ஓடும் பெண்களுக்கு இந்த ஹார்மோன் சாதாரணமாக எவ்வளவு இருக்கும்" என்று கணக்குப் போடுவதைத் தர மேம்பாடு என்று சொல்லி முடித்துவிட முடியுமா? அந்த அளவுதான் நாளைக்கு யார் ஓடலாம், யார் ஓடக் கூடாது என்பதை முடிவு செய்யப் போகிறது.

இது கற்பனையான பயம் இல்லை. தடகளத்தில் நடந்திருக்கிறது. அதன் ஆரம்பத்தில் ஓர் இந்திய வீராங்கனை இருக்கிறார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த், இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களிடம் அதிகமாகச் சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்ற காரணத்தால் காமன்வெல்த் போட்டிக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். தனக்குச் செய்தது வழக்கமான சோதனை என்றே நினைத்ததாக அவர் பின்னால் சொன்னார். சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்கு வழக்கு போனது. 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. டெஸ்டோஸ்டிரோன் அதிகம் உள்ள பெண்களுக்கு மற்றப் பெண்களைவிட எவ்வளவு அனுகூலம் கிடைக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, எனவே இந்த விதியை நிறுத்தி வைக்கிறோம், 2 ஆண்டுக்குள் ஆதாரத்தோடு வாருங்கள் என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இப்போது அதன் பெயர் வேர்ல்டு அத்லெடிக்ஸ்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? சம்மேளனத்தின் கையிலேயே இருந்தது. 2011இல் தென்கொரியாவின் தேகுவிலும் 2013இல் மாஸ்கோவிலும் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்களில் வீரர்களிடமிருந்து ரத்தம் எடுத்திருந்தார்கள். தேகுவில் ரத்தம் எடுக்காமல் யாரையும் விடவில்லை என்றே சொல்லலாம். ஊக்கமருந்துத் தடுப்புக்கான "உயிரியல் கடவுச்சீட்டு" திட்டத்தின் கீழ் எடுத்த ரத்தம் அது. ஒரே வீரரின் ரத்த அளவுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, திடீர் மாற்றம் தெரிந்தால் சந்தேகப்படுவதுதான் அந்தத் திட்டம். நல்ல திட்டம், அதைக் குறை சொல்லவில்லை.

அந்த இரண்டு போட்டிகளின் ஹார்மோன் அளவுகளையும் ஓட்ட நேரங்களையும் பொருத்திப் பார்த்து, 2017இல் ஸ்தெஃபான் பெர்மோன், பியேர்-ஈவ் கார்னியே ஆகிய இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் சம்மேளனத்தின் மருத்துவ, அறிவியல் பணியில் இருந்தவர்கள். மொத்தம் 2127 அளவீடுகள், அவற்றில் 1332 பெண்களுடையவை. பெண்களுக்கான 21 போட்டிகளைத் தனித்தனியாகப் பார்த்ததில் 5 போட்டிகளில், டெஸ்டோஸ்டிரோன் அதிகம் உள்ள பிரிவினர் குறைவாக உள்ள பிரிவினரைவிட மேலாகச் செய்ததாகத் தெரிந்தது. 400 மீட்டர், 400 மீட்டர் தடை ஓட்டம், 800 மீட்டர், சங்கிலிக்குண்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல். வித்தியாசம் 800 மீட்டரில் சுமார் 1.8 சதவீதம், சங்கிலிக்குண்டில் சுமார் 4.5 சதவீதம்.

அடுத்த ஆண்டு, 2018 ஏப்ரலில், புதிய விதி வந்தது. 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களில், பிறவியிலேயே உடலின் பாலின வளர்ச்சி மாறுபட்ட சில பெண்கள் தங்கள் டெஸ்டோஸ்டிரோனை லிட்டருக்கு 5 நானோமோலுக்குக் கீழே குறைத்தால்தான் கலந்துகொள்ளலாம் என்றது அது. கவனித்தீர்களா? வித்தியாசம் அதிகமாகத் தெரிந்த சங்கிலிக்குண்டும் கோலூன்றித் தாண்டுதலும் விதியில் இடம்பெறவில்லை. வித்தியாசம் தெரியாத 1500 மீட்டரும், அந்த ஆய்விலேயே இல்லாத மைலும் இருந்தன. இந்த விதியில் மாட்டிய தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமன்யா ஓடியது 800, 1500 என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவர் தொடுத்த வழக்கில் 2019 மே 1 அன்று விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் விதியை ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்றவர்களுக்கே 1500, மைல் ஆதாரங்களில் திருப்தி இல்லை, அவற்றைத் தள்ளிவைக்கலாமே என்று எழுதிவைத்தார்கள். சம்மேளனம் தள்ளிவைக்கவில்லை.

இதற்கிடையே ரோஜர் பில்கே, ராஸ் டக்கர், எரிக் பாய் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையின் மூலத் தரவைக் கேட்டார்கள். நான்கு போட்டிகளின் நேரப் பட்டியல் மட்டும் கிடைத்தது. அதைப் பொதுவெளியில் உள்ள போட்டி முடிவுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். ஒரே வீராங்கனை இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தார். ஒரே நேரம் திரும்ப வந்தது. யாருமே ஓடாத நேரங்கள்கூட இருந்தன! போட்டியைப் பொறுத்து 17 முதல் 32 சதவீதம் வரை பிழை என்று 2019இல் வெளியிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டார்கள், நடக்கவில்லை. ஆசிரியர்கள் சில அளவீடுகளை நீக்கி மறுபடி கணக்குப் போட்டு, முடிவு பெரிதாக மாறவில்லை என்றார்கள்.

2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சில நாட்களில், அதே இதழில் ஒரு திருத்தம் வந்தது. எங்கள் 2017 கட்டுரை தேடிப் பார்க்கும் நிலையில் செய்தது, காரண-விளைவுத் தொடர்பை உறுதிசெய்யும் ஆதாரம் அதில் இல்லை, அப்படித் தோன்றும்படி எழுதியது தவறான எண்ணத்தைத் தந்திருக்கலாம் என்று ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். அதே டோக்கியோவில் நமீபியாவின் கிறிஸ்டீன் எம்போமா, 400 மீட்டர் ஓட அனுமதியில்லாததால் 200 மீட்டருக்கு மாறி வெள்ளி வாங்கியிருந்தார்.

பெண்கள் பிரிவை எப்படி வரையறுப்பது என்பது உண்மையான கேள்வி. டெஸ்டோஸ்டிரோனுக்கும் உடல் திறனுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வேறு ஆதாரங்களும் இருக்கின்றன. அந்த விவாதத்தில் நியாயமான ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், அதற்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது ஒரே விஷயத்தை. ரத்தம் எடுத்தது சம்மேளனம். அதை ஆராய்ந்தது சம்மேளனத்தின் ஆட்கள். விதி போட்டது சம்மேளனம். அந்த விதியில் மாட்டியவர்கள், ரத்தம் கொடுத்த அதே பெண்கள். இந்தச் சுற்றில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் எது?

நெறிமுறைக் குழு என்று பயிற்சியாளர் சொன்னது இங்கேதான் சிக்கலாகிறது. ஒரு மருத்துவக் கல்லூரியின் குழுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஏற்கெனவே எடுத்து வைத்த ரத்தத்தில் கிடைத்த எண்கள், பெயர் இல்லை, புதிதாக ஊசி குத்தப் போவதில்லை என்று ஒரு விண்ணப்பம் வந்தால் அதைக் குறைந்த ஆபத்து என்று வகைப்படுத்துவோம். முழுக் குழு கூடாமலே இரண்டு பேர் பார்த்து அனுமதி கொடுத்துவிடலாம். நடைமுறைப்படி அது சரிதான். ஏனென்றால் எங்கள் படிவங்கள் கேட்பது, ஆய்வில் பங்கேற்பதால் இந்த ஆளுக்கு என்ன கெடுதல் வரும் என்பதை. ஆய்வின் முடிவால் இந்த ஆள் வேலையை இழப்பாரா என்று கேட்கும் இடம் படிவத்தில் இல்லை. சர்க்கரை நோயாளிகளின் பழைய ரத்த அறிக்கைகளை ஆராய்ந்தால், அந்த முடிவை வைத்து அவர்களை யாரும் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. விளையாட்டில் அனுப்புவார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகள், எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்ற பட்டியலில் மேலதிகாரிக்குக் கீழ்ப்பட்ட நிலையில் உள்ளவர்களையும் சேர்க்கின்றன. மாணவர்கள், ஊழியர்கள், படைவீரர்கள் போன்றவர்கள். பயிற்சி முகாமில் இருக்கும் 19 வயது ஓட்டக்காரி இவர்களில் யாரைவிடக் குறைவாகக் கீழ்ப்பட்டவர்? யார் முகாமில் இருக்கலாம், யார் வெளிநாட்டுப் போட்டிக்குப் போகலாம் என்று முடிவு செய்பவரே படிவத்தையும் நீட்டுகிறார். "விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடு" என்று அவர் சொன்னால் அது காதில் எப்படி விழும் என்று தங்கையிடமே கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், பெயரை எடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை. பத்தாயிரம் நோயாளிகளில் ஒருவரை மறைப்பது சுலபம். ஒரு இறுதிப் போட்டியில் ஓடுவது 8 பேர். அவர்கள் ஓடிய நேரம் நூறில் ஒரு வினாடி வரை உலகமே பார்க்கும்படி பதிவாகியிருக்கிறது. நாடு, வயது, உயரம், படம் எல்லாம் விக்கிப்பீடியாவில் கிடைக்கும். போட்டி, ஆண்டு, நேரம் ஆகிய மூன்றும் பட்டியலில் இருந்தால் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இதில் ஒரு முரண் உண்டு. தரவைத் திறந்து காட்டினால்தான் மேலே சொன்ன மாதிரிப் பிழைகளைப் பிறர் கண்டுபிடிக்க முடியும், திறந்தால் வீராங்கனைகள் வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்கள். சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் தரப்பிடம் தரவை வைத்து, அங்கேயே உட்கார்ந்து சரிபார்க்க விடுவது ஒரு வழி. மருத்துவ ஆய்வில் இது புதிய ஏற்பாடும் இல்லை. விளையாட்டு அமைப்புகளுக்கு இதில் ஏன் ஆர்வம் வரவில்லை என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இதைவிட மோசமான ஒன்றும் நடந்திருக்கிறது. 2013இல் பிரான்ஸின் நீஸ், மோன்பெலியே நகரங்களின் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் நான்கு இளம் வீராங்கனைகளைப் பற்றி எழுதினார்கள். 18 முதல் 21 வயது, வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலும் மலைப்பகுதிகளிலும் இருந்து வந்தவர்கள். ஹார்மோன் சோதனையில் அகப்பட்டு, அவர்களுடைய உட்புற விரைகளை அறுவை சிகிச்சையில் அகற்றியிருக்கிறார்கள். கூடவே பிறப்புறுப்பின் ஒரு பகுதியையும் குறைத்திருக்கிறார்கள். அவற்றை அப்படியே விட்டாலும் உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. அகற்றினால் திறன் குறையலாம், ஆனால் பெண்கள் பிரிவில் தொடரலாம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டதாம். இதைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? நோய் இல்லாத உடலில் கத்தி வைத்ததற்கான ஒரே காரணம் ஒரு விளையாட்டு விதி. அதையும் மருத்துவ அறிக்கையாக, உடல் விவரங்களோடு அச்சிட்டார்கள். உலகத் தடகளம் எவ்வளவு சின்ன வட்டம் என்பது தெரிந்த யாருக்கும் அந்த நால்வர் யாரென்று ஊகிக்கத் தோன்றும். மருத்துவச் சமூகத்திலிருந்தே கண்டனம் வந்தது. அதற்குள் நடந்தது நடந்துவிட்டது.

நம் ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜன் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார், பாலினச் சோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. அது ஆய்வு இல்லை, சோதனை. ஆனாலும் ஒரு மருத்துவத் தகவல் சம்பந்தப்பட்டவரின் கையை விட்டுப் போய்ச் செய்தியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

சரி, எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. வீரர்களின் அந்தரங்கம் என்ற கேடயத்தை அமைப்புகளும் பிடித்துக்கொள்ளும். தேகு போட்டியின்போதே இன்னொரு ஆய்வு நடந்தது. பதில் சொல்பவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாத ஒரு கேள்வி முறையில், கடந்த ஓராண்டில் ஊக்கமருந்து எடுத்தீர்களா என்று வீரர்களிடம் கேட்டார்கள். தேகுவிலும் அதே ஆண்டு தோஹாவில் நடந்த அரபு நாடுகளின் போட்டியிலும் சேர்த்து 2,167 பேர். மதிப்பீடு என்ன தெரியுமா? தேகுவில் 43.6 சதவீதம், தோஹாவில் 57.1 சதவீதம். ரத்த, சிறுநீர்ச் சோதனைகளில் அகப்படுவது அதில் ஒரு துளிதான். இந்த முடிவை வெளியிடுவதைப் பற்றிய இழுபறி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 2015இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று அதை வெளியே கொண்டுவந்தது, ஆய்விதழில் அச்சானது 2017இல். சம்மேளனத்துக்கு வேண்டிய கட்டுரையும் வேண்டாத கட்டுரையும் ஒரே 2017இல் வெளிவந்தன. முன்னது உடனே விதியானது, பின்னதற்கு ஆறு ஆண்டு பிடித்தது.

அதே 2015 ஆகஸ்டில், 2001 முதல் 2012 வரையிலான சுமார் 12,000 ரத்தச் சோதனைகளின் விவரம் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சிக்கும் ஒரு லண்டன் ஞாயிறு இதழுக்கும் கசிந்தது. சுமார் 5,000 வீரர்களின் தரவு, யாரிடமும் சம்மதம் வாங்கியதல்ல. சந்தேகத்துக்குரிய அளவுகள் ஏராளம் என்று அவர்கள் அதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்ன நிபுணர்கள் சொன்னார்கள். சம்மேளனம் அந்தரங்க மீறல் என்று கொதித்தது. இந்த விஷயத்தில் என் மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. குற்றமே செய்யாத பலரின் ரத்த எண்களும் அந்தக் கோப்பில் இருந்தன, அவர்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் கசியாமல் இருந்திருந்தால் சம்மேளனத்தின் உள்ளே இருந்த அழுகலைப் பற்றி யாரும் இவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே ரஷ்ய ஊடுருவிகள் வாடாவின் தரவுத்தளத்துக்குள் புகுந்து, மருத்துவக் காரணத்துக்காக விலக்கு பெற்ற வீரர்களின் விவரங்களை வெளியிட்டார்கள். அதில் பொதுநலன் எதுவும் இல்லை, வெறும் பழிவாங்கல். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் சின்ன வயதிலிருந்து கவனக்குறைபாட்டுக்கு மருந்து எடுக்கிறேன் என்று உலகத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அமெரிக்கக் கால்பந்தின் கதையும் இதே ரகம்தான். தேசியக் கால்பந்து லீக் 1994இல் தலை அதிர்ச்சி பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் ஓர் அணியின் மருத்துவர், படித்தது மூட்டுவாத மருத்துவம். 2003 முதல் வரிசையாகக் கட்டுரைகள் வந்தன, பெரிய ஆபத்து இல்லை என்ற தொனியில். 1996 முதல் 2001 வரை நடந்த எல்லாத் தலை அதிர்ச்சிகளும் கணக்கில் உள்ளன என்றார்கள். மருத்துவர்கள் கண்டறிந்து பதிவு செய்தவற்றிலேயே 100க்கும் மேற்பட்டவை விடுபட்டிருந்தன என்று 2016இல் ஒரு நாளிதழ் கண்டுபிடித்தது. இதற்கு முன்பே, 2012இல், லீக் அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு 3 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. ஆனால் அந்தப் பணத்தில் யார் ஆய்வு செய்யலாம் என்பதில் மூக்கை நுழைத்தது என்று நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறிக்கை ஒன்று 2016 மே மாதம் குற்றம் சாட்டியது.

இதெல்லாம் எப்படி மாறும்? நெறிமுறைக் குழுக்களை நம்பி மட்டும் மாறாது என்பது குழுவில் இருக்கும் என் கருத்து. கூடைப்பந்தைப் பாருங்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. வீரர்கள் தங்கள் சங்கத்தின் மூலம் 2017 ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். உடலில் அணியும் கருவிகள் தரும் தரவை ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் பயன்படுத்தக் கூடாது, மீறினால் அணிக்கு 2,50,000 டாலர் வரை அபராதம். கருவியை அணிவதே வீரரின் விருப்பம். எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு அபராதம் போட முடியாது. ஆராய்பவரையும் முடிவெடுப்பவரையும் பிரித்து வைத்த நல்ல ஏற்பாடு அது. அங்கே வீரர்களுக்குப் பேரம் பேசும் பலம் இருந்ததால் நடந்தது.

இந்தியாவில் அந்தப் பலம் கிட்டத்தட்ட இல்லை. கிரிக்கெட்டிலேயே பாருங்கள், 2019இல் வந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இப்போது ஆடுகிறவர்களுக்குச் சங்கம் கிடையாது. கோடிகளில் சம்பாதிப்பவர்களுக்கே இந்த நிலை என்றால் தடகள வீராங்கனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதில் 17ஆம் பிரிவு ஆய்வுக்கு விலக்கு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. பலர் கவனிக்காத வரி இது, எனக்கு மிகவும் பிடித்த வரியும்கூட. தேர்வுக் குழுவின் மேஜைக்கு ஒரு வீரரின் எண் போய்ச் சேர்ந்த அந்த நிமிடமே அது ஆய்வு என்ற தகுதியை இழக்கிறது. ஒரு ஓட்டை மட்டும் உண்டு. தனி நபருக்குப் பதிலாக ஒரு வகையினர் முழுவதற்கும் விதி போட்டால்? தூத்தி, செமன்யா விஷயத்தில் நடந்தது அதுதான். அதற்கு இந்த வரி போதாது.

செமன்யாவின் வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலை 10 அன்று அதன் பெரும் அமர்வு, நடுவர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அவர் போன சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் அவருடைய வழக்கைப் போதிய கறாரோடு பரிசீலிக்கவில்லை, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று சொன்னது. விதியே தவறு என்று சொல்லவில்லை. அந்த விதியும் இப்போது மாறிவிட்டது. 2025 செப்டம்பரிலிருந்து உலக அளவிலான பெண்கள் போட்டிகளுக்கு ஒரு முறை மரபணுச் சோதனை கட்டாயம், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் துடைத்தோ ரத்தத்திலோ எடுப்பார்கள். மருத்துவக் காரணம் இல்லாத மரபணுச் சோதனையைப் பிரான்ஸின் சட்டம் தடுப்பதால், அந்நாட்டு வீராங்கனைகள் வெளிநாட்டில் போய்ச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஹார்மோன் அளவு மாதத்துக்கு மாதம் மாறும், மரபணு மாறாது. அது அக்காவைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் பிறக்கப் போகும் பிள்ளையைப் பற்றியும் சொல்லும். அந்தத் தகவலை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், வேறு எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை இப்போதே கேட்காவிட்டால், இன்னும் பத்து வருடத்தில் 2011 ரத்தத்தின் கதை திரும்ப நடக்க இடம் உண்டு.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ஊக்கமருந்துப் படிவத்துக்காவது உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வாசகம் இருக்கிறது, வீரரின் கையில் ஒரு பிரதியும் கொடுக்கிறார்கள். நான் கவலைப்படுவது மற்றப் படிவங்களைப் பற்றி. முகாமில் சேரும்போது மருத்துவப் பரிசோதனைக்கு ஒன்று, கையில் கட்டும் கருவியின் செயலிக்கு ஒன்று, யாரோ முனைவர் பட்ட ஆய்வுக்காக வந்து எடுக்கும் ரத்தத்துக்கு ஒன்று. இவற்றில்தான் "எதிர்காலப் பயன்பாடுகளுக்கும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அங்கே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். இந்த எண் பயிற்சியாளருக்கோ தேர்வாளருக்கோ போகுமா? ஆய்வுக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழு எது, அதன் செயலாளரின் தொலைபேசி எண் என்ன? (முறையான தகவல் தாளில் அந்த எண் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அது முறையான ஆய்வு இல்லை.) பிறகு மனம் மாறினால் எப்படி விலகுவது? சோதனையில் எதிர்பாராத ஏதாவது தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வார்கள்? கடைசிக் கேள்விக்கு "அவரிடம் மட்டும்" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடலாம். வாய்ப் பேச்சில் வாங்கும் உறுதி உதவாது, பதிலை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சல் போதும்.

வயதை நீங்கள் சொல்லவில்லை. 18 நிரம்பாதவர் என்றால் ஆய்வு எதற்கும் அவருடைய கையெழுத்து மட்டும் செல்லாது. பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ சம்மதிக்க வேண்டும், அதோடு அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். விடுதியில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் காப்பாளர் என்ற இடத்தில் பயிற்சியாளரோ வார்டனோ கையெழுத்துப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்தச் சம்மதம் செல்லாது என்று பெற்றோர் அந்த நெறிமுறைக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், அவர்கள் விசாரித்தாக வேண்டும்.